நனைந்து காய்ந்த பலகை

மார்ச் 4

பலகை தேறிவிட்டது. பதினைந்து விநாடி தீக்கொழுந்தைக் காட்டியும் தென்னைநார் கருகியதே தவிர பற்றவில்லை. கொழுந்தை எடுத்ததும் தானாக அணைந்தது. ஐந்து துண்டுகள், ஐந்தும் அப்படியே. முதலாளி நாச்சிமுத்து ஐயா செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சோதனைக்கூடத்துக்குள் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

பொள்ளாச்சியைச் சுற்றித் தென்னைநாரில் கயிறும் மிதியடியும் செய்பவர்கள் ஏராளம். நாங்கள் நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திப் பலகை செய்கிறோம். படுக்கை வசதியுள்ள பேருந்துகளில் படுக்கைகளுக்கு இடையே தடுப்பாகவும், கூரையின் உட்பக்கமும் பொருத்துகிற பலகை. எடை குறைவு, சத்தத்தையும் அடக்கும். நார் ஆயிற்றே, தீப்பிடிக்குமே என்பதுதான் வாங்குகிறவர்களின் பயம். அதற்காக நாரை அம்மோனியம் பாஸ்பேட் என்ற உப்பின் கரைசலில் ஊறவைக்கிறோம். தோட்டத்துக்குப் போடுகிற டி.ஏ.பி. உரத்தின் சுத்தமான வடிவம்தான். சூடு பட்டால் நார் கொழுந்துவிடாமல் கரியாகிவிடும். கலவையின் அளவு நான் கண்டுபிடித்தது.

அறிக்கையில் கையெழுத்திட்டேன். க. சாந்தாமணி, சோதனைக்கூடப் பொறுப்பாளர். வரும் வழியில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். என் கணவர் தண்டபாணிக்குச் சர்க்கரை வியாதி. ஒரு துண்டு மட்டும் கொடுத்தேன். எனக்குத் தெரியாமல் இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

மார்ச் 10

அமலா இன்று வேலையை விட்டு நின்றுகொண்டாள். முழுப்பெயர் அமலோற்பவம். பண்ருட்டிக்காரி. இரண்டு வருடமாக எனக்கு உதவியாளர். கடலூரில் ஒரு பெயின்ட் கம்பெனியில் நல்ல இடம் கிடைத்திருக்கிறதாம். முப்பது வயதுகூட ஆகவில்லை, முன்னேறட்டும். அழுத்து இயந்திரம் ஓட்டும் ஆறுச்சாமி அண்ணன் அவளை வழியனுப்ப கேட் வரைக்கும் போனார். எனக்கு அறிக்கையை நகல் எடுக்கிற வேலை இருந்தது.

மார்ச் 28

கோவைக்கும் சென்னைக்கும் ஓடுகிற இரண்டு பேருந்துகளில் எங்கள் பலகையைப் பொருத்தியாயிற்று. ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, திருப்தி என்றால் நாற்பது பேருந்துகளுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலாளி பூசணிக்காய் உடைத்தார். எல்லார் முன்னாலும் "இது அம்மிணியோட பலகை" என்று என்னைக் காட்டிச் சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

ஏப்ரல் 19

வெயில். மாடியில் வடகம் பிழிந்தேன். எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 5

பாலக்காட்டுக் கணவாய் வழியே மழை வந்துவிட்டது. துவைத்த துணி இரண்டு நாளாகக் காயவில்லை. டப்பாவில் இருந்த அப்பளம் துவண்டுவிட்டது. சோதனைக்கூட அலமாரியில் வைத்திருந்த மாதிரிப் பலகையைத் தற்செயலாகத் தூக்கினேன். கனமாகத் தெரிந்தது. எடை போட்டால் நூற்றுக்குப் பதினொரு பங்கு கூடியிருக்கிறது. காற்றில் உள்ள ஈரத்தை மட்டும் குடித்தே இவ்வளவு. மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 9

மாதிரிப் பலகையிலிருந்து ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுவைத்தேன். சும்மா, என்ன ஆகிறதென்று பார்க்கத்தான்.

ஜூன் 13

துண்டை எடுத்துக் காயவைத்தாயிற்று. கொளுத்திப் பார்க்கலாம் என்றால் அடுப்புக்கு வாயு தீர்ந்துவிட்டது.

ஜூன் 14

சிலிண்டர் வந்தது. இன்று கண்ணாடிக் குடுவைகளைக் கழுவினேன். அழுக்காக இல்லாதவற்றையும் சேர்த்துக் கழுவினேன்.

ஜூன் 17

துண்டு மேசைமேல்தான் இருக்கிறது. நாளை பார்க்கலாம்.

ஜூன் 21

நேற்று பேருந்துக் கம்பெனியிலிருந்து தொலைபேசி. பலகையில் ஏதோ வெள்ளையாகப் பூக்கிறதாம். பெரிய விஷயமில்லை, ஆனாலும் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். இன்று கோவை போய் வந்தேன்.

பகலில் வண்டி ஷெட்டில் நின்றது. உள்ளே பாப்பாத்தி என்ற அக்கா படுக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏசிக் காற்று வரும் துளையைச் சுற்றிப் பலகையில் உப்புப் பொரிந்தாற்போல வெள்ளைத் தூள். திருகாணிகளெல்லாம் துருப்பிடித்திருந்தன. விரலால் தொட்டேன், மாவு போல ஒட்டியது.

"தெனமும் தொடைக்கறேன் கண்ணு. மக்யா நாளும் அப்படியே பூத்துக்குது" என்றார்.

ஏசியில் தண்ணீர் ஒழுகுமா என்று கேட்டேன். எந்த வண்டியில்தான் ஒழுகாது என்று திருப்பிக் கேட்டார். மேல்படுக்கையில் தலை வைக்கிற பக்கம் சில பேர் துண்டை விரித்துக்கொள்வார்களாம்.

அந்த இடத்துப் பலகையைக் கழற்றி, சாக்கில் சுற்றி எடுத்து வந்தேன். வரும்போது பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டேன். மார்ச்சில் இருந்த எடை அதில் இல்லை.

ஜூன் 22

ஞாயிறு. இருந்தும் கம்பெனிக்குப் போனேன்.

பேருந்திலிருந்து எடுத்த பலகை, காயவைத்த பின்: முதல் துண்டு, கொழுந்தை எடுத்த பிறகும் எரிந்தது; இருபத்தேழு விநாடியில் மேல்நுனியைத் தொட்டது. இரண்டாவது, இருபத்தைந்து. மூன்றாவது, முப்பத்தொன்று.

வாளியில் ஊறிய துண்டு: இருபத்தொன்பது.

நனையாத துண்டு: தானாக அணைந்தது.

ஜூன் 23

முதலாளி ஒரு கல்யாணத்துக்காகத் தாராபுரம் போயிருக்கிறார். வந்ததும் சொல்ல வேண்டும். சாயங்காலம் கீரை ஆய்ந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று தண்டபாணி கேட்டார். சொன்னேன். ஏசித் தண்ணீர் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடுகிறது. மிஞ்சுவது வெறும் காய்ந்த நார். அவர் பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவர், வேதியியல் தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டு, "இது ஆருக்கும் முன்னாலயே தோணலியா சாந்தா?" என்றார்.

இல்லை என்றேன்.

ஜூன் 24

தோன்றியது. அமலாவுக்கு.

ஜூன் 25, காலை

வேலைக்குக் கிளம்பும் முன்பே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் எழுதமாட்டேன்.

பிப்ரவரி பதினேழாம் தேதி, பேருந்துக் கம்பெனிக்காரர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். நான் கலவையை விளக்கினேன். அமலா கடைசி நாற்காலியில் இருந்தாள். பலகையைச் சில நாள் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அதற்குப் பிறகு கொளுத்திப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். இப்போது போடுகிற பிசினுக்குப் பதிலாக முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் காய்ச்சிய பிசின் போட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது என்றும் சொன்னாள். அவள் ஊர்ப் பக்கம் அந்த எண்ணெயைப் படகுக்கும் மரத்துக்கும் பூசுவார்களாம்.

வந்தவர்கள் அவள் பக்கம் திரும்பிக் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. முந்திரி எண்ணெய் தீயில் எப்படி எரியும் என்று தெரிந்தவள்தான் நான். காய்ச்சிப் பிசினாக்கினால் அப்படி எரியாது என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே, "எண்ணெய் ஊத்தி நெருப்பை அணைக்கிறதுதான் உங்க ஊர்ப் பழக்கமா அமலா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அவள் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடிக்கொண்டாள்.

நனைத்துச் சோதிக்க மூன்று வாரம் ஆகும். அறிக்கையை மார்ச் முதல் வாரத்துக்குள் தர வேண்டியிருந்தது. தண்ணீரில் உப்பு கரையும் என்று தெரிந்துகொள்ள எம்.எஸ்ஸி. தேவையில்லை.

கடலூர் வேலை நல்ல வேலையா என்று நான் அவளிடம் கேட்டதே இல்லை.

ஜூன் 25, மாலை

சொல்லிவிட்டேன்.

ஆறுச்சாமி அண்ணனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பின்முற்றத்தில் முதலாளி முன்னாலேயே இரண்டு துண்டுகளைக் கொளுத்தினேன். ஒன்று அணைந்தது. மற்றது கடைசிவரை எரிந்து கம்பியில் சாம்பலாய்த் தொங்கியது. ஆறுச்சாமி அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் நம்ம பலகைதானா?" என்று முதலாளி கேட்டார்.

"நம்மளதுதானுங்க. எரிஞ்சது பஸ்ஸுல இருந்து கழட்டுனது."

"தேறிருச்சுன்னு எழுதிக் குடுத்தமே அம்மிணி."

"காஞ்ச பலகையைத்தானுங்க சோதிச்சேன். நனைச்சுப் பாக்கணும்னு அமலா சொன்னா. நான்தான் வேண்டாம்னு விட்டேன்."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மழைக்காலம் முடியட்டும், அதற்குள் வேறு பலகை தயாரானால் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று யோசனை சொன்னார். இப்போது சொன்னால் நாற்பது பேருந்தும் கைவிட்டுப் போகும், ஆலையில் அறுபது பேர் இருக்கிறார்கள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. நானாக இருந்தாலும் முதலில் அப்படித்தான் யோசித்திருப்பேன். பிப்ரவரியில் யோசித்தேனே.

"ஏசி மழை பாத்து ஒழுகறதில்லைங்க. அந்த வண்டியில இன்னைக்கும் முப்பது பேரு படுப்பாங்க" என்றேன்.

அவர் எழுந்து கார் வரை போனார். கதவைத் திறந்துவிட்டு, ஏறாமல் திரும்பி வந்தார். என் எதிரிலேயே பேருந்துக் கம்பெனிக்குப் பேசினார். எதையும் மறைக்கவில்லை. இரண்டு வண்டிகளையும் நிறுத்தச் சொன்னார். நம் ஆட்களை அனுப்பிப் பலகையைக் கழற்றித் தருகிறோம் என்றார்.

என்னைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜூன் 27

இரண்டு வண்டியிலும் கழற்றியாயிற்று. பாப்பாத்தி அக்கா எங்கள் ஆட்களுக்கு டீ வாங்கித் தந்தாராம். ஆர்டரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அக்டோபருக்குள் சரியான பலகையோடு வந்தால் பேசலாம் என்று கடிதம்.

ஜூலை 3

முதலாளி இன்று என்னிடம் பேசினார். பேச்சு இரண்டே வார்த்தை: "டீ குடிச்சியா?"

ஜூலை 14

மெழுகுக் குழம்பு பூசிப் பார்த்தேன். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடியது. தீயைக் காட்டினால் பலகை மெழுகுவர்த்தியாகிவிட்டது. உப்பைக் கூட்டினேன், முன்னைவிட வேகமாக ஈரத்தைக் குடித்து ஓரங்கள் உப்பின. மேலே பெயின்ட் அடித்தேன். திருகாணித் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனது. தண்ணீரைத் தடுக்கிறது எரிகிறது. தீயைத் தடுக்கிறது கரைகிறது. பத்து நாளாக இந்த இரண்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறேன்.

காஸ் புத்தகத்தைக் காணோம். பீரோவில் இல்லை.

ஜூலை 19

அமலாவுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 20

எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். நான்கு முறை எழுதி அழித்துவிட்டு, கடைசியில் அனுப்பியது: "நீ சொன்னதுதான் நடந்தது. பலகை எரிந்தது. வண்டியில் இல்லை, சோதனையில்தான். உன் உதவி வேண்டும்."

காஸ் புத்தகம் தண்டபாணியின் சட்டைப்பையில் இருந்தது.

ஜூலை 22

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளே அழைத்தாள். நலம் விசாரித்துக்கொள்ளவில்லை. வண்டியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு, நாரை உப்பில் ஊறவைத்ததோடு விட்டுவிட்டேனா, இல்லை சூட்டில் வாட்டினேனா என்று கேட்டாள். ஊறவைத்ததோடு சரி என்றேன்.

உப்போடு யூரியாவும் சேர்த்து ஊறவைத்து, உலர்த்தி, நூற்றறுபது டிகிரியில் வாட்டினால் உப்பு நாரோடு பிணைந்துகொள்ளும்; அதற்கப்புறம் தண்ணீர் அதைச் சுலபமாகப் பிரிக்க முடியாது. நாரில் பிடிக்காமல் மிஞ்சிய உப்பைக் கழுவி எடுத்துவிட வேண்டும். அதன்பின் முந்திரி ஓட்டு எண்ணெய்ப் பிசின். இதையெல்லாம் அவள் படித்து வைத்திருந்தாள். பிப்ரவரியிலேயே படித்து வைத்திருந்தாளாம்.

ஆகஸ்ட் பதினைந்தை ஒட்டி விடுமுறை வருகிறது, மூன்று நாள் வருகிறேன் என்றாள். முதலாளியிடம் சொன்னபோது, யூரியாவும் சேர்கிறது என்றால் பஸ்ஸில் நெல்லே விளையும் போலிருக்கிறதே என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 15

அமலா காலையில் வந்து இறங்கினாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். ஊரிலிருந்து முந்திரி ஓட்டு எண்ணெயை இரண்டு கேன்களில் கொண்டுவந்தாள். கறுத்த செம்பழுப்பு நிறம், புகைந்த நெடி. கையில் பட்டால் புண்ணாகிவிடும் என்று என் கையுறையைத் தானே இழுத்துச் சரிசெய்தாள்.

முதல் வாட்டலில் நார் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய், விரலால் நசுக்கினால் உதிர்ந்தது. சூட்டைப் பத்து டிகிரி குறைத்தோம், நேரத்தைக் கூட்டினோம். இரண்டாவது முறை நார் பொன்னிறத்தில் வந்தது, வளைத்தாலும் உடையவில்லை. அவள் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

ராத்தங்கல் எங்கள் வீட்டில். தண்டபாணி சந்தகை பிழிந்து தேங்காய்ப்பாலோடு பரிமாறினார். அமலா என்னை இப்போது மேடம் என்பதில்லை. அக்கா என்பதும் இல்லை. "இந்தாங்க", "இதப் பாருங்க" என்று எதையும் சொல்லாமல் சமாளித்துக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் 16

பிசின் காய்ச்சினோம். வெவ்வேறு அளவில் ஒன்பது கலவை. ஆறுச்சாமி அண்ணன் ஒவ்வொன்றாக அழுத்தி எடுத்துத் தந்தார். ஒன்பது பலகையிலும் அமலா சுண்ணாம்புக்கட்டியால் எண் போட்டாள். என்னால் முதுகு நிமிர்த்த முடியவில்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17

மதியம் பேருந்து நிலையம் வரை போய் அவளை ஏற்றிவிட்டேன். வண்டி கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. மூன்று நாளாக மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததை அங்கே சொன்னேன். பிப்ரவரியில் எல்லார் முன்னாலும் உன்னைக் கேலி செய்தது தப்பு, நீ சொன்னது சரி என்று தெரிந்துதான் செய்தேன், மன்னித்துவிடு.

அவள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது எனக்குப் பெருசா இல்லக்கா. நாலு பேரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. அன்னிக்கு நான் பாத்ரூம்ல போய் அழுதுகிட்டு இருந்தேன். நீங்க வந்து கதவத் தட்டுனீங்க. மன்னிப்புக் கேக்க வந்தீங்கன்னு நெனச்சி மூஞ்சியக் கழுவிட்டுத் தொறந்தேன். நீங்க ஸ்டோர் சாவி எங்கன்னு கேட்டீங்க."

எனக்கு அது நினைவே இல்லை. அதையும் சொன்னேன்.

"தெரியும்க்கா. உங்க மொகத்தப் பாத்தப்பவே உங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னு தெரிஞ்சிது. அன்னிக்குத்தான் வேற வேல தேட ஆரம்பிச்சேன்."

நடத்துநர் விசில் கொடுத்தார். தண்ணீரைத் தினமும் மாற்றச் சொன்னாள். ஏழு நாள் ஒரே தண்ணீரில் கிடந்தால் கரைந்த உப்பு தண்ணீரிலேயே தங்கி, மேற்கொண்டு கரையவிடாமல் கணக்கை ஏமாற்றிவிடும். சரி என்றேன். ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். திரும்பி வரும் வழியில் பூக்கடை, பழக்கடை எதையும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் செருப்பைப் போட்டபடியே சமையலறை வரை போயிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18 முதல் 24 வரை

ஒன்பது வாளி. தினமும் காலையில் தண்ணீர் மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமையும் போனேன்.

ஆகஸ்ட் 30

காய்ந்த துண்டுகளை இன்று கொளுத்தினோம். முதலாளி வந்திருந்தார். கைபேசியை நிமிர்த்தி வைத்து அமலாவையும் பார்க்கவைத்தேன்.

நான்கு கலவை முழுவதும் எரிந்தன. மூன்று, பாதி வரை போய்த் தயங்கி அணைந்தன. ஐந்தாம் எண்ணும் எட்டாம் எண்ணும் கொழுந்தை எடுத்ததும் தானாக அணைந்தன. எட்டாம் எண் ஏழு நாள் ஊறலில் எடை கூடியது நூற்றுக்கு நாலு பங்குதான், ஓரம் உப்பவில்லை. மூன்று முறை திரும்பத் திரும்பச் செய்தோம். மூன்று முறையும் அணைந்தது.

யாரும் கைதட்டவில்லை. மார்ச்சில் தட்டியிருந்தோம். முதலாளி கைபேசி அருகே குனிந்து, "அமலா கண்ணு, நானும் அன்னைக்குச் சிரிச்சேன்" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று சரியாகக் கேட்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

செப்டம்பர் 11

எட்டாம் எண் பலகைகளை வெளிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். அனுப்புக் கடிதத்தில், ஊறவைத்துக் காயவைத்த பிறகே கொளுத்த வேண்டும் என்று கேட்டு எழுதினேன். அதற்குத் தனியாக மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஆகட்டும் என்றேன்.

செப்டம்பர் 25

தண்டபாணிக்கு ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. பால் இல்லாத காப்பியை முகம் சுளிக்காமல் குடிக்கப் பழகிவிட்டார்.

அக்டோபர் 8

முடிவு வந்துவிட்டது. நனைத்துக் காயவைத்த எட்டாம் எண் தேறிவிட்டது. பேருந்துக் கம்பெனி நாற்பதுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் ஆறு வண்டி, மாதம் ஒருமுறை பலகையைக் கழற்றிச் சோதித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். முதலாளி உடனே சரி என்றார். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அமலாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுப் பார்த்தார் முதலாளி. கடலூரில் தனக்குத் தனிச் சோதனைக்கூடம் தந்திருக்கிறார்கள் என்று மறுத்துவிட்டாளாம். நல்ல வேலைதான் போலிருக்கிறது.

அக்டோபர் 10

அறிக்கையைத் தயாரித்தேன். முதல் பெயர் அமலோற்பவம், இரண்டாவது நான், மூன்றாவது ஆறுச்சாமி அண்ணன். ஆறு பக்கம். படித்துப் பார்க்கச் சொல்லி அவளுக்கு அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் அழைத்தாள். பெயர் வரிசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தேறுன ரெண்டத்தான் எழுதியிருக்கீங்க. மிச்ச ஏழு எங்கக்கா?" என்றாள்.

வேண்டுமென்று விடவில்லை. அறிக்கை என்றால் கை அப்படித்தான் எழுதுகிறது.

எரிந்த நான்கையும் பாதியில் நின்ற மூன்றையும், எத்தனை விநாடியில் எவ்வளவு தூரம் எரிந்தன என்பதோடு சேர்த்தேன். இப்போது ஒன்பது பக்கம். கையெழுத்திட்டேன்.